தேங்காய் எழுந்து நின்ற இடம்

நவம்பர் 4, திங்கள்

கம்ப்ரசர் கம்பெனிக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. மேசை டிராயரில் இத்தனை மாதமும் சும்மா கிடந்தது. இன்றைக்குத்தான் எழுதும்படி ஒன்று நடந்திருக்கிறது. சங்கத்துக்கு வெப்சைட் வரப்போகிறது.

எங்களுடையது மூன்று தாலுகா ரிக் உரிமையாளர் சங்கம். ஆழ்துளைக் கிணறு போடும் லாரிக்குத்தான் ரிக் என்று பெயர். இந்த நாட்டில் எந்த மூலையில் பூமியில் ஓட்டை போட்டாலும் போடுகிற ஆள் எங்கள் பக்கத்துக்காரனாக இருப்பான். அப்பேர்ப்பட்ட சங்கத்தின் ஆபீசுக்குத் தண்ணீர் கேனில் வருகிறது. ஆபீஸ் போர் வற்றி வருஷக்கணக்காகிவிட்டது. இதை வெளியே மூச்சு விடக் கூடாது என்று தலைவர் உத்தரவு. நான் மைனாவதி, பன்னிரண்டு வருஷமாக இங்கே இருக்கும் ஒரே ஊழியர். மேனேஜர், டைப்பிஸ்ட், டீ போடுகிறவள் எல்லாம் நான்தான்.

செயற்குழுவில் தலைவர் நாச்சிமுத்து அண்ணன்தான் பேச்சை எடுத்தார். "பக்கத்துச் சங்கத்துக்காரன் வெப்சைட் தொறந்துட்டானுங்க. அவங்ககிட்ட மொத்தமே ஏழு வண்டி. கண்ணாலத்துல என்னையப் பாத்து, உங்க சைட் பேரென்னங்கன்னு கேக்கறான். நான் பந்தியில பாதியில எந்திரிச்சு வந்துட்டன்."

"ஆகற செலவு?" என்றார் பொருளாளர் கருப்பணன். தாலி கட்டும்போதும் அவர் அதைத்தான் கேட்டிருப்பார்.

டிசம்பர் 8 மகாசபைக்குள் தளம் திறந்தாக வேண்டும் என்று முடிவு. வெப்சைட்டில் எழுதுவது, படம் போடுவது, மாற்றுவது இதையெல்லாம் செய்ய ஒரு மென்பொருள் வேண்டுமாம். அதில் கம்பெனிக்காரன் விற்கிறது ஒரு வகை, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும் பொதுச்சொத்து ஒரு வகை. இரண்டு பக்கத்து ஆளையும் கூப்பிட்டு விசாரிக்கும் பொறுப்பு என் தலையில். எனக்கு இதில் எந்தப் பக்கமும் கிடையாது.

நவம்பர் 7, வியாழன்

கோயம்புத்தூர்க் கம்பெனியிலிருந்து ஹரிபிரசாத் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, காலில் கண்ணாடி மாதிரி ஷூ. எங்கள் வாசல் மண்ணில் அந்த ஷூ இறங்கியதைப் பார்க்கக் கொஞ்சம் பாவமாக இருந்தது.

நன்றாகத்தான் பேசினார். அவர்கள் மென்பொருளில் எல்லாமே தயாராக இருக்கிறதாம். நாம் எதுவும் செய்ய வேண்டாமாம். செய்தியை அனுப்பினால் அவர்கள் ஆட்களே போட்டுவிடுவார்கள், பழுது வந்தால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். வருஷா வருஷம் கட்டணம் கட்டிக்கொண்டு வந்தால் போதும். சுவரில் படம் காட்டினார். ரிக் வண்டிகள் இடமிருந்து வலமாக ஓடின. தலைவர் வாயைத் திறந்தபடி பார்த்தார்.

"மெம்பர்ஸ் கேள்வி கேட்டா சைட்டே பதில் சொல்லிடும் சார். மெம்பர்ஷிப் புதுப்பிக்கிறது, சர்க்குலர், எல்லாம் ஆட்டோமேட்டிக். இது வந்துட்டா ஆபீஸ்ல ஆளே தேவையில்லை" என்றார் ஹரிபிரசாத்.

தலைவர் என்னைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த டீயைப் பார்த்தார். பொருளாளர் கால்குலேட்டரை எடுத்தார். சத்தமில்லாமல் ஏதோ தட்டினார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பன்னிரண்டு வருஷத்தில் பார்த்ததில்லை.

"அப்ப மைனா சம்பளத்துலயே இந்தக் கட்டணம் நேராயிரும் போல இருக்குதுங்ணா" என்றார். என் முன்னால்தான் சொன்னார். நான் அங்கே நிற்கிறேன் என்பதே அவருக்குத் தோன்றவில்லை.

டீத்தூள் அந்த நேரம் பார்த்துத் தீர்ந்துவிட்டது. ஹரிபிரசாத்துக்குத் தண்ணீர் மட்டும்தான் கொடுக்க முடிந்தது.

நவம்பர் 8, வெள்ளி

சரியான தூக்கம் இல்லை. புதுத் தலையணை ஒத்துக்கொள்ளவில்லை போல.

நவம்பர் 11, திங்கள்

இலவச வகைக்காகப் பேச பாலிடெக்னிக் விரிவுரையாளர் சகாயராஜ் வந்தார். ஐம்பது வயதிருக்கும். ஜோல்னா பை. பேச ஆரம்பித்தால் நிறுத்த ஒரு ஆள் வேண்டும். ஆனால் பேசியதில் உயிர் இருந்தது.

"இது யாருக்கும் சொந்தமில்லைங்க, எல்லாருக்கும் சொந்தம். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவங்க சேர்ந்து எழுதினது. உள்ளே என்ன இருக்குன்னு நீங்க திறந்து பார்க்கலாம், மாத்தலாம், அடுத்தவங்களுக்குக் கொடுக்கலாம். இது மென்பொருள் இல்லைங்க, சுதந்திரம்."

தலைவர் என் பக்கம் குனிந்து, "இவரு கட்சி ஆரம்பிக்கப் போறாரா?" என்று கேட்டார்.

பிறகு நேராகவே கேட்டுவிட்டார். "வாத்தியாரே, சும்மா குடுக்கறவன் எதுக்குங்க குடுக்கறான்? அவனுக்குப் பொண்டாட்டி புள்ளை இல்லீங்களா?"

சகாயராஜ் அதற்கு முக்கால் மணி நேரம் பதில் சொன்னார். தலைவருக்கு ஏறவில்லை. கடைசியில் பொருளாளர்தான் மொழிபெயர்த்தார். "அது வாடகை ரிக்குங்ணா. ஓட்டறது, ரிப்பேரு எல்லாம் ஓனர் பாத்துக்குவான். நாம பானெட்டத் தொறக்கக் கூடாது. இது சொந்த ரிக்கு. பானெட்டத் தொறக்கலாம், ஆனா கை கருப்பாகறது நம்ம கை." இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்டு, "வாடகையே தேவலைங்ணா" என்று முடித்தார். செலவு என்றால் ஓடுகிற மனுஷன் கட்டணம் கட்டத் தயாராகிவிட்டார். ஒரு ஆளைக் குறைக்கலாம் என்ற ருசி அப்படிப்பட்டது.

"இதில் ஒரு குறை இருக்கு, மறைக்க மாட்டேன்" என்றார் சகாயராஜ். "இதைப் பார்த்துக்க ஆபீஸில் நிரந்தரமா ஒரு ஆள் வேணும்."

கூட்டக் குறிப்பில் குறைகள் என்ற தலைப்புக்குக் கீழே இடம் போதவில்லை. அதனால் இந்த ஒரு வரியை நிறைகள் என்ற தலைப்பின் கீழ் எழுத வேண்டியதாகிவிட்டது. டீத்தூள் வாங்கி வைத்திருந்தேன். சகாயராஜுக்கு இரண்டு டீயும் தட்டை முறுக்கும் கொடுத்தேன். பாவம், பேசிப் பேசித் தொண்டை வறண்டிருந்தது.

நவம்பர் 13, புதன்

இரண்டு பேரும் ஆளுக்கொரு சோதனைத் தளம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று ஏற்பாடு. ஹரிபிரசாத்தின் தளம் கல்யாண மண்டபம் மாதிரி மின்னுகிறது. சகாயராஜின் தளம் கல்யாணம் முடிந்த மறுநாள் மண்டபம் மாதிரி இருக்கிறது. உள்ளதைச் சொல்ல வேண்டும் அல்லவா.

ஆனால் சகாயராஜின் தளத்தில் நானே எழுதலாம். ஒரு பெட்டிக்குள் தட்டச்சு செய்து நீலப் பொத்தானை அழுத்தினால் அடுத்த நொடி ஊருக்கே தெரிகிறது. "வணக்கம்" என்று போட்டுப் பார்த்தேன். வந்தது. அழித்தேன். போனது. மத்தியானம் சாப்பிட மறந்து இதையே செய்துகொண்டிருந்தேன்.

நவம்பர் 15, வெள்ளி

வினை. சகாயராஜின் தளத்தில், "புதிய பதிப்பு உள்ளது, மாற்றவா?" என்று கேட்டது. புதிது என்றால் நல்லதுதானே என்று சரி கொடுத்தேன். தளம் முழுவதும் வெள்ளையாகிவிட்டது. ஒரு எழுத்து இல்லை, ஒரு படம் இல்லை. சகாயராஜ் வகுப்பில் இருந்தார், போனை எடுக்கவில்லை. உதவி மன்றம் என்று ஒன்றைச் சொல்லிக் கொடுத்திருந்தார். அங்கே எனக்குத் தெரிந்த இங்கிலீசில் அழுதேன். பிரேசில் தேசத்திலிருந்து ஒருவர் பதில் போட்டார். அவர் சொன்ன மாதிரியே செய்தேன், தளம் திரும்பி வந்துவிட்டது.

அதற்குள் தலைவருக்கு விஷயம் போய்விட்டது. "பிரேசில்காரனுக்கு நம்ம சங்கத்துல என்ன சோலி?" என்று கேட்டார். அந்த ஆளுக்கு எங்கள் ஊர்ப் பேரைக்கூட வாசிக்கத் தெரியாது. எனக்காக உட்கார்ந்து எழுதியிருக்கிறார். நன்றி என்று எழுதினால் போதுமா என்று இருந்தது.

பொருளாளர் இந்தச் சம்பவத்தைக் குறித்து வைத்துக்கொண்டார். கையில் பேனா இல்லாத மனுஷன், என்னிடமே வாங்கி எழுதினார்.

நவம்பர் 17, ஞாயிறு

வீட்டுக்காரர் சத்தீஸ்கரிலிருந்து பேசினார். பெயர் செல்லமுத்து. ரிக்கில் டிரில்லர். மழைக்காலம் தவிர வருஷம் முழுக்க வடக்கேதான்.

விஷயத்தைச் சொன்னேன். "போச்சாது போ. ஊட்டுல உக்காந்து நிம்மதியா இரு. எனக்கு வர்றதே போதுமல்ல" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

போனை வைத்த பிறகு எனக்குக் கோபம் கோபமாக வந்தது. எல்லைச் சாவடியில் வண்டி பிடித்தால் எனக்குத்தான் போன் வரும். வடக்கே ஒரு பையனுக்குக் காய்ச்சல் என்றால் அவன் அம்மா எனக்குத்தான் போன் செய்வாள். வீட்டில் நான் செல்லமுத்துவின் பெண்டாட்டி. ஆபீசில் நான் மைனா. மூன்று தாலுகாவிலும் மைனா என்றால் தெரியும். அந்த நாற்காலியை விட்டு எழுந்தால் நான் யார் என்று எனக்கே தெரியாது. இதை அவரிடம் சொல்லத் தோன்றவில்லை, இங்கே எழுதிக்கொள்கிறேன்.

மற்றபடி எனக்கு எந்தப் பக்கமும் கிடையாது.

நவம்பர் 19, செவ்வாய்

ராய்ப்பூர் பக்கம் உறுப்பினர் ஒருவரின் வண்டியைச் சாவடியில் நிறுத்திவிட்டார்கள். ஆபீசுக்குப் போன் செய்தார். கம்பெனித் தளம் தானே பதில் சொல்லும் என்று ஹரிபிரசாத் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல சமயம் வராது என்று, "அண்ணா, அதுல ஒருவாட்டி எழுதிப் பாத்துருங்க" என்று வழி சொன்னேன்.

அவர் எழுதினார். "உங்கள் கருத்துக்கு நன்றி, உங்கள் நாள் இனிதாகட்டும்" என்று பதில் வந்ததாம். அவர் தலைவருக்கே போன் போட்டு அந்த இனிய நாளைப் பற்றிப் பேசியது அடுத்த அறை வரை கேட்டது. அதற்குள் நான் சாவடிக்குப் பேசி வண்டியை விடச் சொல்லியாகிவிட்டது.

நவம்பர் 22, வெள்ளி

செயற்குழு. நாலு மணி நேரம். தலைவருக்கு ஓடுகிற படம் பிடித்திருக்கிறது, ஆனால் ராய்ப்பூர் இடிக்கிறது. இலவசம் மேல் நம்பிக்கை இல்லை, ஆனால் வாடகை என்ற வார்த்தையும் இனிக்கவில்லை. பொருளாளர் கால்குலேட்டரைக் காட்டுகிறார், இன்னொருவர் பிரேசிலைக் காட்டுகிறார். பாதிப் பேருக்கு எது எது என்றே மறந்துவிட்டது.

கடைசியில் தலைவர் மேசையைத் தட்டினார். "ரெண்டு பேரு சொல்றதும் சரியாத்தான் இருக்குது. நமக்கு வெளங்கல. சரி, எண்ணூறு அடிக்குக் கீழ என்ன இருக்குதுன்னு மட்டும் நமக்கு வெளங்குதா? வெளங்காத எடத்துல நாம என்ன பண்ணுவோம்?"

எல்லோரும் ஒரே குரலில், "பாயிண்ட் பாப்போம்" என்றார்கள்.

எங்கள் தொழிலில் நீரோட்டம் பார்க்காமல் துளை போடும் ராடை இறக்க மாட்டார்கள். உள்ளங்கையில் உரித்த தேங்காயைக் குடுமி முன்பக்கம் இருக்கும்படி படுக்கவைத்துக்கொண்டு நடப்பார்கள். நீரோட்டம் இருக்கும் இடத்தில் தேங்காய் தானாக எழுந்து நிற்கும். அந்த இடம்தான் பாயிண்ட். திங்கட்கிழமை இரண்டு லேப்டாப்பையும் இரண்டு நாற்காலியில் வைப்பது, எங்களுக்கு நீரோட்டம் பார்த்துத் தரும் ராக்கியப்ப அண்ணன் தேங்காயோடு நடப்பது, எதன் முன்னால் எழுந்து நிற்கிறதோ அந்த மென்பொருள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

ஹரிபிரசாத்துக்குப் போனில் சொன்னேன். "அது எந்த மாதிரி டெஸ்டிங் மேடம்?" என்று கேட்டார். சகாயராஜ் இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொன்னார். இணைப்பு சரியில்லை என்றே நினைத்தேன்.

நவம்பர் 23, சனி

ராக்கியப்ப அண்ணன் வீட்டுக்குப் போய்த் திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் பெரியவர்களை நேரில் அழைப்பதுதான் முறை. பெரியவர் வீட்டுக்கு வெறுங்கையோடு போவதும் முறை இல்லை. பருப்பும் வெல்லமும் வைத்துப் பத்து ஒப்புட்டு சுட்டு எடுத்துப் போனேன், நெய் கொஞ்சம் தாராளமாக.

அவருக்கு முழங்கால் வலி. ரொம்ப நடக்க முடியாது என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. "எதுக்குங்ணா அங்கியும் இங்கியும் நடந்துட்டு? ரெண்டு நாற்காலிக்கும் நடுவுல எம்பட மேசை இருக்குது. ஃபேன் காத்து நல்லா வரும். அங்க வந்து நின்னுக்கங்க" என்றேன். உடம்புக்கு முடியாதவரிடம் சொல்லக்கூடியதுதானே.

அவர் மூன்றாவது ஒப்புட்டைப் பிட்டுக்கொண்டே, "தேங்கா அங்க நின்னா?" என்றார்.

"நின்னா நிக்கட்டும்ங்ணா. சாமி காரியத்துல நாம என்னத்தச் சொல்றது" என்றேன்.

நவம்பர் 25, திங்கள்

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

ஆபீசின் முன்பக்கம் தகரக் கூரை போட்ட இடம். அங்கேதான் என் மேசை. இடப்பக்கம் ஹரிபிரசாத்தின் லேப்டாப், அதில் ரிக் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. வலப்பக்கம் சகாயராஜின் லேப்டாப். இரண்டுக்கும் பொட்டு வைத்து எலுமிச்சம்பழம் வைத்தேன். ஹரிபிரசாத் தன் லேப்டாப்பிலிருந்த குங்குமத்தை யாரும் பார்க்காதபோது துடைத்தார். துடைத்ததைத் தலைவர் பார்த்துவிட்டார்.

ராக்கியப்ப அண்ணன் தேங்காயோடு நடந்தார். இடப்பக்கம் போனார், தேங்காய் படுத்திருந்தது. வலப்பக்கம் வந்தார், படுத்திருந்தது. சகாயராஜ் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இயற்பியலிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். பிறகு அண்ணன் நடுவில் வந்தார். என் மேசை முன்னால் ஃபேன் காற்று பட்டதும் நின்றார். தேங்காய் மெதுவாகத் தலையைத் தூக்கியது. நெட்டுக்குத்தாக எழுந்து நின்றது.

நான் மேசைக்குப் பின்னால் என் நாற்காலியில், சாமி பார்த்துச் செய்யட்டும் என்று அடக்கமாக உட்கார்ந்திருந்தேன். இந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிற ஆள்தான் பதில் என்று இப்போது யாராவது சொல்வார்கள். யாராவது சொல்லத்தானே வேண்டும்.

தலைவர் கிட்டே வந்தார். தேங்காயைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

"அடப்பாவத்த. இத்தன வருசமா கேன் தண்ணி குடிச்சுட்டு இருந்தோம். தண்ணி இங்கயா கெடந்துச்சு? அம்மணி, எந்திரி. மேசைய நகுத்துங்கடா."

எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. ஒரு மேசை முன்னால் தேங்காய் எழுந்து நின்றால், மேசைக்கு உரியவளை அல்லவா பார்க்க வேண்டும்? கூடியிருந்த இருபத்திரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். வெப்சைட்டை அப்படியே மறந்துபோய், எந்த வண்டியைக் கொண்டு வருவது என்று சண்டை போட ஆரம்பித்தார்கள்.

நவம்பர் 26, செவ்வாய்

வெள்ளிக்கிழமை பூஜை போட்டுத் துளை. தலைவர் தன் சொந்த வண்டியையே அனுப்புகிறார். என் மேசை இப்போது கேட்டுக்கு வெளியே வெயிலில் இருக்கிறது. போகிற வருகிறவர்கள் டோல்கேட் என்று நினைத்து வண்டியை மெதுவாக்குகிறார்கள்.

நவம்பர் 28, வியாழன்

ஹரிபிரசாத் போன் செய்தார். பாவம், மென்பொருள் விற்க வந்து போர்வெல் பூஜைக்கு அழைப்பு வாங்கிய முதல் ஆள் அவராகத்தான் இருப்பார். தலைவரைச் சந்தோஷப்படுத்த என்ன செய்யலாம் என்று கேட்டார். கேட்டவருக்குத் தெரிந்ததைச் சொல்வதுதான் மரியாதை. "எங்க தலைவருக்கு எதையும் மத்தவங்களுக்கு முந்திச் செஞ்சாப் புடிக்குமுங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

"அப்ப தண்ணி வந்த நியூஸை நாளைக்கு நாலு மணிக்கு ஆட்டோமேட்டிக்கா வர்ற மாதிரி இப்பவே டீம்ல சொல்லி செட் பண்ணிடறேன் மேடம். படம் எங்ககிட்டயே ஸ்டாக் இருக்கு" என்றார்.

நான், "அப்படீங்களா" என்றேன்.

நவம்பர் 29, வெள்ளி

கூரையில் நாலு தகரத்தைக் கழற்றினார்கள். வண்டி ரிவர்ஸில் வந்து நின்றது. தலைவர் புது வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. தேங்காய் உடைத்தார்கள். ராடு இறங்கியது. அந்தச் சத்தத்தில் யார் என்ன பேசினாலும் நன்றாக இருந்தது.

முந்நூறு அடியில் புகை. புகை என்றால் தண்ணீர் இல்லாத கல் தூள். ஐந்நூறில் புகை. "இன்னொரு ராடு எறக்கு" என்றார் தலைவர். எண்ணூறில், வெள்ளையாக, கோதுமை மாவு மாதிரி புகை. தலைவரின் மீசை, பொருளாளரின் கால்குலேட்டர், என் மேசை, சகாயராஜின் ஜோல்னா பை எல்லாம் ஒரே நிறம். ஆயிரத்தில் தலைவர் கையைத் தூக்கினார். வண்டி நின்றது.

ராக்கியப்ப அண்ணன் என் பக்கம் வந்து, "ஏனம்மணி, நீ சொன்ன எடத்துலதான..." என்று ஆரம்பித்தார். அவருக்கு உடனே டீ தேவைப்பட்டது. கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய்க் கொடுத்தேன்.

அப்போது சரியாக நாலு மணி. தலைவரின் போன் அடித்தது. பக்கத்துச் சங்கத் தலைவர். ஸ்பீக்கரில் கை பட்டுவிட்டதால் எல்லோரும் கேட்டோம்.

"நாச்சிமுத்தண்ணா, வாழ்த்துங்க. உங்க ஆபீஸ்ல எண்ணெய் கெணறே கெடச்சிருச்சாமா? இனி எங்க வண்டிக்கெல்லாம் டீசல் உங்ககிட்டயே புடிச்சுக்கறமுங்க."

கம்பெனித் தளத்தைத் திறந்தேன். முதல் பக்கத்தில் பெரிய எழுத்து: "சங்க அலுவலகத்தில் வரலாறு காணாத வெற்றி, ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள் மகிழ்ச்சி." கீழே படம். ஏதோ பாலைவனம். கருப்பாக, பனைமர உயரத்துக்குப் பொங்குகிறது. சுற்றிலும் தலையில் துணி கட்டிய அரபுக்காரர்கள் கைகொட்டுகிறார்கள்.

"எடுக்கச் சொல்லு" என்றார் தலைவர். ஹரிபிரசாத் கம்பெனிக்குப் போன் மேல் போன் போட்டார். பதிவுசெய்த குரல் பேசியது. கோரிக்கை எழுதி அனுப்பச் சொன்னது. அனுப்பினோம். "உங்கள் கோரிக்கை எங்களுக்கு மிகவும் முக்கியம். சனி ஞாயிறு விடுமுறை. மூன்று வேலை நாட்களுக்குள் தொடர்பு கொள்வோம்" என்று பதில் வந்தது. ஹரிபிரசாத் விற்பனைப் பிரிவாம், உள்ளே கை வைக்க அவருக்கே அனுமதி கிடையாதாம்.

"உம்பட கம்பெனிதானப்பா?" என்றார் தலைவர்.

"ஆமா சார். ஆனா சாவி வேற டிபார்ட்மெண்ட்" என்றார் ஹரிபிரசாத். கண்ணாடி மாதிரி இருந்த ஷூவில் எங்கள் பூமியின் ஆயிரம் அடி தூளும் படிந்திருந்தது. இந்த முறை அவருக்கு டீ கொடுத்தேன்.

நவம்பர் 30, சனி

தலைவருக்கு இதுவரை நாற்பது வாழ்த்துப் போன். வருவாய்த் துறையிலிருந்து ஒருவர் வந்து துளைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். டீசல் ஏஜென்சி ஒன்று விலைப்பட்டியல் கேட்டிருக்கிறது.

மத்தியானம் தலைவர் என் மேசைக்கு வந்தார். மேசை இன்னும் வெளியே வெயிலில்தான். கடன்காரன் மாதிரி பக்கத்தில் நின்றார்.

"அம்மணி, வாத்தியாரு சைட்டுல நீ என்ன போட்டிருக்கற?"

காட்டினேன். "சங்க அலுவலகத்தில் இன்று போர் போடப்படுகிறது" என்று ஒரே வரி. நேற்றுக் காலையில் போட்டது.

"அதையும் எடுத்துரு. எவனும் பாக்க..."

அவர் வார்த்தையை முடிப்பதற்குள் எடுத்துவிட்டேன். தலைவர் தன் போனில் பார்த்தார். இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"மறுக்காப் போடு."

போட்டேன்.

"எடு."

எடுத்தேன். "போடு" என்றார், போட்டேன். புது வீட்டில் லைட் ஸ்விட்ச்சைத் தட்டிப் பார்க்கிற மாதிரி நின்று நிதானமாகப் பார்த்தார். பொருளாளரைக் கூப்பிட்டு அவருக்கும் ஒருமுறை காட்டச் சொன்னார்.

"யாரையும் கேக்க வேண்டியதில்லையா?"

"இல்லீங்ணா. சாவி நம்ம கைலதான் இருக்குது" என்றேன்.

பொருளாளர் கால்குலேட்டரைத் தேடினார். அது புகை அடைத்து வேலை செய்யவில்லை. "அப்ப மைனா சம்பளம்..." என்று இழுத்தார்.

"வாடகை ரிக்குக்காரன் மூணு நாளைக்கு வரமாட்டங்கறான். நாம ஊருக்கே எண்ணெய் விக்கற மானங்கெட்டவனாட்டம் நிக்கறம். இந்தப் புள்ளை உக்காந்த எடத்துலயே எடுக்குது, போடுது. பேசாம இரு, கருப்பணா" என்றார் தலைவர். பிறகு, "மேசையத் தூக்கி உள்ள வைங்கடா" என்றார்.

நான் கேன் தண்ணீர் பிடிக்கப் போகிற மாதிரி பின்கட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான். முகத்தில் தூள் இருந்ததால் கோடு கோடாகிவிட்டது. யாரும் கவனிக்கவில்லை.

டிசம்பர் 2, திங்கள்

சகாயராஜ் வந்து சோதனைத் தளத்தையே நிஜத் தளமாக்கிக் கொடுத்தார். மறுபடி சுதந்திரம் பற்றிப் பேசினார். இந்த முறை எனக்குப் புரிந்தது. பிரேசில்காரருக்குத் தளத்தின் படத்தை அனுப்பி வைத்தேன்.

தகரத்தை மாட்டிவிட்டார்கள். துளைக்கு மூடி போட்டு அதன் மேலேயே என் மேசை. நாற்காலியில் உட்கார்ந்தால் எனக்குக் கீழே நேராக ஆயிரம் அடி. கொஞ்சம் கூசுகிறது, பழகிவிடும்.

முதல் செய்தியைத் தலைவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "நீர்வளம் காக்கும் நோக்கில், சங்க அலுவலகத்தில் ஆயிரம் அடி ஆழத்தில் முன்மாதிரி மழைநீர் சேமிப்புத் துளை அமைக்கப்பட்டுள்ளது." வாசித்துக் காட்டினேன். தலைவருக்கே பெருமையாகிவிட்டது. இதற்காகத்தான் துளை போட்டோம் என்று சாயங்காலத்துக்குள் அவர் நம்ப ஆரம்பித்துவிட்டார். நீலப் பொத்தானை அழுத்தினேன்.

டிசம்பர் 5, வியாழன்

கம்பெனித் தளத்தில் எண்ணெய் இன்னும் பொங்கிக்கொண்டிருக்கிறது.

டிசம்பர் 7, சனி

நாளைக்கு மகாசபை. சேமியா கேசரிக்குச் சொல்லியாகிவிட்டது.

கோயம்புத்தூரிலிருந்து மெயில் வந்திருந்தது. எங்கள் கோரிக்கை வெற்றிகரமாக முடித்துவைக்கப்பட்டதாம். போய்ப் பார்த்தேன். எண்ணெய்ப் படத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு அருவிப் படம் போட்டிருக்கிறார்கள்.

கீழே ஒரு கேள்வி. எங்கள் சேவையின் வேகத்தில் உங்களுக்குத் திருப்தியா, எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று.

ஐந்தும் கொடுத்தேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.